குடைக்காரி விதை

ஜஸ்கரன் ஐந்தரைக்கு எழுந்தான். முற்றத்துக் குழாயில் முகம் கழுவினான். கொண்டையை அவிழ்த்துச் சீவி, மறுபடி முடிந்தான். தலைப்பாகைத் துணியின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மறு முனையைப் பிடித்தபடி எதிர்ச்சுவர் வரை பின்னால் நடந்தான். இழுத்து, மடித்தான். ஜன்னல் கம்பிக்கு மடிக்கத் தெரியாது. ஓரம் தினமும் ஒரு விரல் அளவு பிசகும். பிசகியதை உள்ளே திணித்துக் கட்டிக்கொண்டான்.

டீ போட்டுக் குடித்தான். பம்புசெட் சுவரோரம் போனான். அங்கே பதினொரு மிளகாய்ச் செடிகள் நின்றன. முந்தின மாலை அவற்றுக்குப் போர்த்தியிருந்த சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினான். சாக்கில் பனி உப்புப் போல உறைந்திருந்தது. செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொன்றுக்கும் அரைச் சொம்பு தண்ணீர் ஊற்றினான். ஒரு காயைப் பறித்துக்கொண்டு உள்ளே வந்து, நேற்றைய ரொட்டியைத் தயிரில் தோய்த்து, மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டான்.

நவம்பர் நான்காம் தேதி உறவுக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போனதிலிருந்து அவன் காலை இதுதான். இன்று டிசம்பர் இருபத்து நான்கு.

வீடு பெரியது. கனடாவில் லாரி ஓட்டும் அண்ணன் அனுப்பிய பணத்தில் கட்டியது. மொட்டை மாடியில் விமான வடிவில் தண்ணீர்த் தொட்டி, அதன் இறக்கைகளில் புறாக்கள். அப்பாவும் அம்மாவும் இப்போது அண்ணனோடு கனடாவில்தான் இருக்கிறார்கள். மனைவியின் காரியம் முடிந்ததும், நீயும் வந்துவிடு என்று அண்ணன் சொன்னான். வயலில் உருளை இருக்கிறது என்றான் ஜஸ்கரன். வேறு என்ன காரணம் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. சொன்னதும் பொய் இல்லை.

ஆறு ஏக்கர் விதை உருளை. ஜலந்தர் பக்கத்தில் விதை உருளை போடாதவர்கள் குறைவு. ஆனால் இந்த ஆறு ஏக்கருக்கு ஒரு பெயர் இருந்தது. வங்காளத்திலிருந்து லாரியோடு வருபவர்கள் ரகத்தின் பெயரைக் கேட்க மாட்டார்கள். குடைக்காரி விதை இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

குடைக்காரி அவன் மனைவி, பவித்தர்.

அவன் லூதியானாவில் வேளாண்மை படித்துப் பட்டம் வாங்கியவன். உருளையைத் தாக்கும் வைரஸ்கள் அத்தனைக்கும் அவனுக்குப் பெயர் தெரியும். செடியில் காட்டச் சொன்னால் தடுமாறுவான். பவித்தர் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். அவளுக்குப் பெயர் தெரியாது, செடி தெரியும். தேமல் விழுந்த இலையில் பச்சைக்குள் ஒரு வெளிர்ப்பச்சை ஓடும். சுள்ளென்று வெயில் அடிக்கும்போது அது கண்ணுக்குப் படாது. நிழலில்தான் தெரியும். கல்யாணமான முதல் குளிர்காலத்தில் அவள் மாமனாரின் கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினாள். செடிக்குச் செடி குடையைச் சாய்த்துப் பிடித்து, குனிந்து பார்த்துக்கொண்டே போனாள்.

நோய்ச்செடி பிடுங்க வரும் பெண்களுக்குத் தலைவி மிந்தோ. நாற்பத்தைந்து வயது, நாக்குக்குப் பூட்டு கிடையாது. அவளுக்கு ஜஸ்கரன் வீரா, அதாவது சகோதரன்; பவித்தர் பாபி, அதாவது அண்ணி. அன்று வரப்பில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"மழையும் இல்ல, மாப்பிள்ளை ஊர்வலமும் இல்ல. நம்ம பாபி யாருக்குக் குடை பிடிக்கிறாங்க?"

"உருளைக்குத்தான்" என்றாள் பவித்தர், நிமிராமல். "இதுவும் மாப்பிள்ளைதான். நிழல்ல நிறுத்திப் பாத்தாத்தான் சீக்கு தெரியும்."

அந்த வருஷம் அவள் வயல் முழுக்க நடந்து நாற்பது செடிகளைத் தேர்ந்தெடுத்தாள். ஒவ்வொன்றின் கிழங்கையும் தனித்தனிப் பையில் போட்டு, பைக்கு எண் எழுதி, குளிர்கிடங்கில் வைத்தாள். மறு வருஷம் ஒவ்வொரு பைக்கும் ஒரு வரிசை. வரிசையில் ஒரே ஒரு செடியில் தேமல் தெரிந்தாலும் முழு வரிசையையும் பிடுங்கினாள். மாமனார் திட்டினார். பிடுங்கினாள். நாற்பதில் பத்தொன்பது மிஞ்சின. அந்தப் பத்தொன்பதைப் பெருக்கிப் பெருக்கி ஐந்து வருஷத்தில் ஆறு ஏக்கர் ஆயிற்று. ஜஸ்கரன் உழுதான், தண்ணீர் கட்டினான், மருந்து அடித்தான், லாரிக்காரர்களிடம் பேசினான். விதை அவளுடையது.

இந்த அக்டோபரில் பத்தாம் தேதி நடவு முடிந்தது. பத்தொன்பதாம் தேதி அவளுக்குக் காய்ச்சல். ஊரில் அந்த மாதம் வீட்டுக்கு ஒருவர் டெங்குவில் படுத்திருந்தார்கள். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். இருபதாம் தேதி அவளை ஜலந்தருக்குக் கொண்டுபோனான். இருபத்து மூன்றாம் தேதி காலை திரும்பக் கொண்டுவந்தான்.

நவம்பர் மூன்றாம் தேதி குருத்வாராவில் அவளுக்கான கடைசி அர்தாஸ், பிரார்த்தனை. அது முடிந்து பெண்கள் வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தபோது பவித்தரின் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரே அவரை பீஜி என்றுதான் கூப்பிடும். அவருக்கு வயதில் சிறிய ஆண்கள் எல்லாரும் புத், அதாவது மகன்.

"கடைசியில பேரச் சொன்னாளா, புத்?"

கடவுள் பெயரைத்தான் கேட்டார். அறையே அவன் பக்கம் திரும்பியது.

"சொன்னா, பீஜி. வாகேகுருன்னு சொன்னா."

சுற்றியிருந்த பெண்கள் மூச்சை விட்டார்கள். பீஜி அவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பவித்தர் அப்படிச் சொல்லவில்லை. அவள் சொன்னது வேறு. மருத்துவமனை வாசலில், தள்ளுவண்டியில் படுத்தபடி சொன்னாள். உள்ளே போனதும் மூக்கிலும் வாயிலும் குழாய் போட்டுவிட்டார்கள். அவள் சொன்னது அந்தச் சபையில் சொல்லும்படியானது இல்லை.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் பக்வாராவிலிருந்து பீஜியின் போன் வரும். சாப்பிட்டாயா என்பார். பிறகு, அதை மறுபடி சொல்லு என்பார். அவன் சொல்லுவான். ஒவ்வொரு ஞாயிறும் அதில் ஏதாவது ஒன்று கூடியது. முதலில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள் என்றான். அடுத்த வாரம் கையைக் கூப்பினாள். அதற்கடுத்த வாரம் இரண்டு தடவை சொன்னாள்.

டிசம்பர் இருபத்து நான்காம் தேதி, ஒன்பது மணிக்கு மூடுபனி கலைந்தது. மிந்தோவும் பன்னிரண்டு பெண்களும் கடைசித் தடவையாக நோய்ச்செடி பார்க்க வயலில் இறங்கினார்கள். சனிக்கிழமை சான்றிதழ் அலுவலர் சோந்தி வருவார். அவர் சரி என்றால், மாதம் முடிவதற்குள் தழையை வெட்டிவிட வேண்டும். ஜனவரி பிறந்தால் அசுவினிப் பூச்சி பெருகிவிடும். இந்தச் செடியில் உறிஞ்சி, நோயோடு அந்தச் செடியில் உட்காரும். அது வருவதற்குள் தழை இல்லாமல் செய்துவிட்டால் மண்ணுக்கு அடியில் கிழங்கு தப்பிக்கும். எல்லா வருஷமும் அப்படித்தான் தப்பித்தது.

அரை மணி நேரத்தில் மிந்தோ வரப்பேறி வந்தாள். கையில் ஒரு செடி, வேரும் கிழங்குமாக.

"வீரா, இதப் பாரு."

இலை நரம்புகளின் அடியில் கறுப்புக் கோடுகள். கீழ் இலைகள் காய்ந்து தண்டோடு தொங்கின.

"எத்தனை?"

"எண்ணல. பம்புசெட் மூலையில எண்ணி முடியாது."

அவன் உள்ளே போய்க் குடையை எடுத்து வந்தான். கதவுக்குப் பின்னால் அவள் மாட்டிய ஆணியிலேயே அது தொங்கிக்கொண்டிருந்தது. விரித்தபோது போன வருஷத்து மண் உதிர்ந்தது. பெண்கள் அவனைப் பார்த்தார்கள், பிறகு வேறு பக்கம் பார்த்தார்கள்.

பம்புசெட் மூலையிலிருந்து தொடங்கினான். குடையைச் சாய்த்து, குனிந்து, ஒவ்வொரு செடியாக. முதல் நூறு செடியில் பதினான்கு. வயல் நடுவில் நூற்றுக்கு ஆறு. சாலை ஓரத்தில் இரண்டு. விதைக்கு ஆயிரத்தில் ஐந்துவரைதான் பொறுப்பார்கள். கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவு. இனிமேல்தான் தெரியப்போவது எவ்வளவு என்பது அவனுக்குப் படித்த பாடத்திலிருந்து தெரியும். ஏறிக்கொண்ட நோய் மூன்று வாரம் ஒன்றும் காட்டாது.

திரும்பி வந்து குடையை மடக்கினான். மிந்தோ கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"சோந்தி சாகிப் சனிக்கிழமைதானே வராரு?"

"ஆமாம்."

"இன்னிக்கே தழைய வெட்டிடுவோம். பனி விழுந்து கருகிப்போச்சு, வெட்டிட்டோம்னு சொல்லு. பாதிப் பேரு அப்படித்தானே செய்யறான்? வெட்டிட்டா வெறும் மண்ணு. மண்ணுல எவன் தேமலப் பாப்பான்?"

அவள் சொன்னது உண்மை. கிழங்குக்கு முகம் கிடையாது. நோய்ச்செடியின் கிழங்கும் நல்ல செடியின் கிழங்கும் சாக்கில் ஒன்றுபோலத்தான் இருக்கும். விதை என்று சான்று கிடைத்துவிட்டால் அவள் விதை இன்னொரு வருஷம் இருக்கும். அடுத்த வருஷம் பிடுங்கிப் பிடுங்கிச் சுத்தம் செய்துகொள்ளலாம். கிடைக்காவிட்டால் ஆறு ஏக்கரும் சந்தைக்குப் போகும். ஐந்து வருஷம் நிழல் பிடித்துப் பார்த்ததை ஊரான் பொரியல் செய்து தின்பான். அதோடு முடிந்தது. அவளுடையது என்று மண்ணில் வைக்க ஒரு கிழங்கும் மிஞ்சாது.

"அரிவாளுக்குச் சொல்லு" என்றான்.

மதியம் இரண்டு மணிக்குப் பெண்கள் அரிவாளோடு வந்து வரப்பில் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி கட்டைவிரலில் கூர் பார்த்தாள். கடைக்கோடியில் நின்ற பெண் இந்த வருஷம்தான் வேலைக்கு வந்தவள். பக்கத்தில் நின்றவள் அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன்டீ பயப்படற? குடைக்காரி விதைன்னா போதும். எவனும் கண்ண மூடிக்கிட்டு வாங்குவான்."

ஜஸ்கரன் முதல் வரிசைக்குள் இறங்கியிருந்தான். அப்படியே நின்றான். கையிலிருந்த தழையை விட்டான்.

"வேண்டாம்" என்றான்.

"என்ன வேண்டாம்?" என்றாள் மிந்தோ.

"வெட்ட வேண்டாம். எல்லாரும் போங்க. அரை நாள் கூலி தரேன்."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? சனிக்கிழமை எல்லாம் போயிடும், வீரா."

"போகட்டும்."

மிந்தோ அரிவாளை முந்தானையில் சுற்றினாள். வழியில் கிடந்த மண்கட்டியை உதைத்துக்கொண்டே போனாள்.

சனிக்கிழமை சோந்தி பத்து மணிக்கு வந்தார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிற மனிதர். காலில் ரப்பர் பூட்ஸ், கழுத்தைச் சுற்றி மனைவி பின்னிய மப்ளர். டீ வேண்டாம் என்றார். சாலை ஓரத்தில் தொடங்கி ஐந்து இடங்களில் நூறு நூறு செடியாக எண்ணினார். மூன்றாவது இடத்துக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். நோய்ச்செடிகள் எந்தப் பக்கம் கூடுகின்றனவோ அந்தப் பக்கம் நடந்தார். நோய் விசிறி போலப் பரவியிருந்தது. விரிந்த பக்கம் சாலை. காம்பு பம்புசெட்.

ஜஸ்கரன் பின்னால் போனான். மிந்தோவும் வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

சுவரோரம் சோந்தி நின்றார். மடித்து வைத்த பதினொரு சாக்குகளைப் பார்த்தார். ஒரு மிளகாய்ச் செடியின் அருகே குந்தி, நுனி இலையைத் திருப்பினார். இலை சுருண்டிருந்தது. அடியில் அசுவினி அடை அடையாக உட்கார்ந்திருந்தது. சாக்குப் போர்வைக்குள் சூடாக, பனி படாமல், தினமும் தண்ணீர் குடித்துக்கொண்டு. அந்தக் குளிரில் ஊரில் வேறெங்கும் ஒரு மிளகாய்ச் செடி உயிரோடு இல்லை.

"இத யாரு வச்சா?"

"பவித்தர். ஜூன்ல. சைக்கிள்காரன்கிட்ட நாத்து வாங்கி வச்சா."

"எல்லா வருஷமும் வைப்பாளா?"

"வைப்பா. உருளை முளைக்கறதுக்கு முன்னாடி எடுத்துடுவா."

சோந்தி எழுந்தார். முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"மிளகாய்லேருந்து உருளைக்கு வரும்னு உனக்குத் தெரியாதா? படிச்சவன்தானே நீ?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சாக்குப் போத்தினியா?"

ஜஸ்கரன் குனிந்து ஒரு சாக்கின் மடிப்பைச் சரி செய்தான். சோந்தி பையிலிருந்து படிவத்தை எடுத்து, சுவரின்மேல் வைத்து எழுதத் தொடங்கினார். பாதியில் பேனாவை நிறுத்தினார்.

"நவம்பர்ல மொதப் பார்வைக்கு வந்தேன். நான் இந்தப் பக்கமே வரல. உன் மூஞ்சியப் பாத்தேன், டீ குடிச்சேன், கையெழுத்துப் போட்டுட்டேன். சுத்தி வந்திருந்தா அன்னிக்கே பிடுங்கச் சொல்லியிருப்பேன்."

"நாங்க எல்லாரும்தான் பாத்தோம், சாகிப்" என்றாள் மிந்தோ. "தினமும் சாக்கு எடுக்கறான், தண்ணி ஊத்தறான். பாபி வச்ச செடி. போய்ப் பிடுங்குடான்னு எந்த வாயால சொல்றது? இந்த வாய் எல்லாத்தையும் சொல்லும். இத மட்டும் சொல்லல."

ஜஸ்கரன் கேட்டான். "சாலை ஓரத்துல கொஞ்சம் நல்லா இருக்கு. அதுலேருந்து ஒரு நாப்பது செடி எடுத்து வச்சா?"

"நல்லது இருக்கும்" என்றார் சோந்தி. "எதுன்னு காட்டறதுக்கு ஆள் வேணும். நீ பாப்பியா? நான் பாப்பேனா? எனக்குக் கண்ணுல புரை."

அவர் மிந்தோவைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள்.

"எனக்குக் கறுத்த பிறகுதான் தெரியும். பாபிக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்."

சோந்தி படிவத்தை முடித்துக் கிழித்துக் கொடுத்தார். விதைக்குத் தகுதி இல்லை என்ற இடத்தில் டிக் போட்டிருந்தது. ஜஸ்கரன் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். ஜீப் போனபிறகு மிந்தோ கொஞ்ச நேரம் நின்றாள். திங்கட்கிழமை சந்தை வியாபாரியை வரச் சொல்லட்டுமா என்று கேட்டாள். சொல்லு என்றான்.

சாயங்காலம் நான்கு மணிக்கு அவன் பதினொரு செடிகளையும் பிடுங்கினான். மண்ணை உதறாமல் ஒரே சாக்கில் போட்டான். பவித்தர் நோய்ச்செடிகளைப் புதைக்கிற குழியில் கொட்டி, மண் தள்ளி மிதித்தான். இரண்டு மாதம் தள்ளிப்போட்ட வேலை. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சாக்குகள் மிஞ்சின. அவற்றை உதறி மடித்து பம்பு அறையில் வைத்தான். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் சுவரோரம் நின்றான்.

மறுநாள் ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்தான். ஜன்னல் கம்பியில் துணியைக் கட்டி, இழுத்து, மடித்தான். ஒரு விரல் பிசகியது. டீ குடித்தான். ரொட்டியை வெறும் தயிரில் தோய்த்துச் சாப்பிட்டான்.

எட்டு மணிக்கு பீஜியின் போன் வந்தது.

"சாப்பிட்டியா, புத்?"

"சாப்பிட்டேன்."

"உருளை எப்படி இருக்கு?"

"சீக்கு வந்துடுச்சு, பீஜி. விதைக்கு ஆகாதுன்னுட்டாங்க. எல்லாம் சந்தைக்குப் போகுது."

அந்தப் பக்கம் பீஜி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அவ விதை" என்றார். பிறகு வழக்கம்போல, "நீ அதச் சொல்லு. அவ கடைசியில சொன்னதச் சொல்லு. கேட்டா மனசு ஆறும்" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. வயல் தெரியவில்லை. பம்புசெட் சுவர் மட்டும் தெரிந்தது, அதன் ஓரத்தில் கிளறின மண்.

"பீஜி, அவ வாகேகுரு சொல்லல."

"என்ன?"

"நான்தான் அப்படிச் சொன்னேன். கையக் கூப்பல. கண்ண மூடல. ரெண்டு தடவையும் சொல்லல. அவ பேரச் சொல்லவே இல்ல."

பீஜி போனை வைத்துவிட்டார் என்று நினைத்தான். வைக்கவில்லை.

"பின்ன என்னடா சொன்னா?"

தள்ளுவண்டி வாசல்படியில் முட்டி நின்றது. ஊழியர்கள் அதைத் தூக்குவதற்குள் அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. குரல் எப்போதும் போலத்தான் இருந்தது, வேலை சொல்கிற குரல். அவன் சரி சரி என்று தலையாட்டினான். அதை அவன் பீஜியிடம் அவள் சொன்னபடியே சொன்னான்.

"சர்தார்ஜி, உருளை முளைக்கறதுக்குள்ள அந்த மிளகாய்ச் செடியெல்லாம் பிடுங்கிடுங்க. வேரோட."